வின்ச் கம்பி கிழித்த குல்லா

தம்பி குல்லாவைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தான், அது மடங்காமல் அப்படியே நின்றது. அவ்வளவு உப்பு. தை மாதம் கிழிந்திருக்கிறது, கிழிந்த பிறகும் நாலைந்து தடவை அதையே போட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறான், அப்புறம் வெயில் வந்ததும் படகில் எங்கோ செருகி வைத்தவன் மறந்துவிட்டான். ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகைக் காலி செய்யும்போதுதான் கையில் கிடைத்திருக்கிறது. "அக்கா, இதைக் கொஞ்சம் தச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இதைத் தைக்க முடியாது. பின்னலில் ஓட்டை விழுந்தால் ஊசி நூல் போட்டு இழுத்துக் கட்டினால் அந்த இடம் சுருங்கி முண்டு மாதிரி நிற்கும், அதுவும் காதுக்கு மேலே, போட்டால் உறுத்தும். மறுபடி பின்னித்தான் ஆக வேண்டும். எப்படிப் பின்னினேன், எங்கே தப்பு விட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன், குல்லாவோ ஸ்வெட்டரோ கிழிந்து வீட்டில் கிடக்கிறவர்களுக்கு உதவும்.

கடை பாம்பனில். இந்தக் கடற்கரையில் உல்லன் யார் வாங்குகிறார்கள் என்று மதுரையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நேர்மையாகச் சொன்னால் கடைக்குச் சோறு போடுவது கூடை பின்னும் ஒயர்தான். சிவன் கண், நெல்லிக்காய் என்று மாடல் சொல்லி நிறம் பார்த்து எடுத்துப் போவார்கள். அடுத்தது பிறந்த குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் பிள்ளையின் தலையில் உல்லன் குல்லா இல்லாவிட்டால் எந்த அப்பத்தாவும் ஒத்துக்கொள்ள மாட்டாள். மே மாதம் பள்ளிக்கூடம் லீவு என்பதால் குரோஷா கற்றுக்கொள்ள ஏழெட்டுப் பிள்ளைகள் வரும். மூன்றாவது கூட்டம் படகுக்காரர்கள், அவர்கள் வருவது கார்த்திகைக்கு மேல். வாடைக் காற்றில் நடு ராத்திரி வடகடலில் நனைந்த சட்டையோடு நின்று வலை இழுத்தவனிடம் கேளுங்கள், உல்லன் எதற்கு என்று சொல்வான்.

தம்பிக்கு நான் முதலில் பின்னிக் கொடுத்தது பருத்தி நூலில். நம் ஊருக்குப் பருத்திதான் சரி என்று நினைத்தேன், அது தப்பு. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும், நனைந்தால் சூடே நிற்காது, விடியும்வரை காயாது. அடுத்தது முழு அக்ரிலிக். அது தண்ணீரை அதிகம் பிடிக்காது, சீக்கிரம் காயும், அந்துப்பூச்சியும் தொடாது, ஆனால் காற்று உள்ளே வருகிறது என்றான். கம்பளி இழைக்கு ஒரு குணம் உண்டு, தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரம் தெரியாது, நனைந்த பிறகும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும். அதனால் மூன்றாவது குல்லாவைக் கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நாலு புரி நூலில் பின்னினேன். கருநீலம். 4 மில்லிமீட்டர் ஊசி, 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை. பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. அவன் தலை 56 சென்டிமீட்டர், குல்லா தலையைக் கவ்வ வேண்டும் என்பதால் 48 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டு 96 கண்ணி ஏற்றினேன். 96 எனக்குப் பிடித்த எண். இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று மாறி மாறி வரும் ரிப் பட்டைக்கு நாலால் வகுபடும், உச்சியில் குறைக்கும்போது எட்டுப் பாகமாகப் பிரித்தால் பாகத்துக்குப் பன்னிரண்டு கண்ணி சரியாக வரும். ரிப் 6 சென்டிமீட்டர், அதற்கு மேல் நிட் மட்டும் வரும் ப்ளெய்ன் 9, பிறகு குறைப்பு. குஞ்சம் இல்லை, தாடைக்குக் கீழே கட்டும் கயிறும் இல்லை. படகில் போடுகிற எதிலும் தொங்கல் இருக்கக் கூடாது.

அந்த மூன்றாவது குல்லாதான் இப்போது மேசையில்.

முதல் வேலை கழுவுவது. இதைத் தாண்டிக் குதித்து நேராக ஊசியை எடுக்கிறவர்கள் நிறையப் பேர். உப்பு ஏறிய நூல் வழுக்காது, கண்ணியைப் பிடித்து இழுத்தால் பக்கத்துக் கண்ணியோடு ஒட்டிக்கொண்டு வரும். அது மட்டுமில்லை, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் துணி காய்ந்த மாதிரி தெரிந்தாலும் காய்ந்திருக்காது, நாம் எடுக்கிற அளவும் பொய்யாக வரும். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்து எடுத்தேன். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் குடக் கணக்கு, அதனால் மூன்றாவது அலசலை வாசல் செம்பருத்திக்கு ஊற்றாமல் முற்றம் கழுவ வைத்துக்கொண்டேன், உப்புத் தண்ணீர் செடிக்கு ஆகாது. முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி மேலே கையால் அமுக்கினால் போதும். நிழலில் பழைய வலைத்துண்டை நாற்காலிமேல் விரித்து அதன்மேல் பரப்பினேன், கீழிருந்தும் காற்று வரும். காய ஒன்றரை நாள் ஆனது.

காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் காயம் எவ்வளவு என்று தெரிந்தது. ரிப்புக்கு மேலே ஒன்பதாவது வரிசையில் நூல் அறுந்திருக்கிறது. ஐந்து கண்ணி திறந்துவிட்டது. அதில் மேல்பக்கத்துக் கண்ணிகள் அங்கேயே நிற்கின்றன, கீழ்ப்பக்கத்துக் கண்ணிகளில் ஒன்று மட்டும் ஏணிப்படி மாதிரி அவிழ்ந்து ரிப்புக்குள்ளேயே நாலு வரிசை இறங்கியிருக்கிறது. பின்னல் எப்போதும் இப்படித்தான், தொடங்கிய பக்கத்தை நோக்கித்தான் அவிழ்ந்து ஓடும். ஓட்டையைச் சுற்றியிருந்த கண்ணிகள் இழுபட்டு, நூல் பஞ்சாகி, தொட்டால் அறுந்துவிடும்போல இருந்தன.

அப்போது கடைத் திண்ணையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். தடைக்காலத்தின் 61 நாளும் அவருக்கு வலை வேலைதான், கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு வலை ஊசியை ஓட்டிக்கொண்டே இருப்பார். அவர் வலைத்துளையைக் கண்ணி என்கிறார், நான் பின்னலின் வளையத்தைக் கண்ணி என்கிறேன். நான் ஐந்து கண்ணியையும் அப்படியே பிடித்து நூல் கொடுத்து முடித்துவிடலாம் என்று ஊசியை எடுத்ததைப் பார்த்துவிட்டு, "ஏ தாயி, முதல்ல கிழிசலைப் பெருசாக்கு" என்றார்.

அவர் கையிலிருந்த வலையைக் காட்டினார். வலையில் ஒவ்வொரு முடிச்சுக்கும் நாலு கால். கிழிந்த இடத்தில் அறுந்த கால்கள் பிசிறு பிசிறாகத் தொங்கும், அதையெல்லாம் கத்தியால் வெட்டித் தள்ளிவிட்டு, ஓட்டையைச் சுற்றி எல்லா முடிச்சிலும் இரண்டு கால் மட்டும் நிற்கும்படி செய்துகொள்கிறார். தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு, முடிக்கும் இடத்தில் ஒரு முடிச்சு, இந்த இரண்டுக்கும் மட்டும் மூன்று கால். மூன்று காலில் தொடங்கி மூன்று காலில் முடிந்தால்தான் நடுவில் ஒரு கண்ணியும் கூடாமல் குறையாமல் வலை நேராக வரும். கையகலக் கிழிசல் அவர் வெட்டி முடித்தபோது முறம் அளவு ஆகியிருந்தது. ஆனால் ஓரத்தில் இருந்தது அத்தனையும் நல்ல நூல்.

வலைக்கும் பின்னலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வலையில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு போட்டது, ஒரு கால் அறுந்தால் சேதம் அங்கேயே நிற்கும். பின்னலில் முடிச்சே கிடையாது, ஒரே நூல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் எனக்குக் கத்திரியை எடுக்கும் முன்பே ஊசியைப் போட வேண்டியிருந்தது. ஓட்டைக்குக் கீழே நல்ல வரிசை எது என்று பார்த்து, அந்த வரிசையில் 3.5 மில்லிமீட்டர் ஊசியை ஒவ்வொரு கண்ணியின் வலது காலுக்கு அடியிலும் விட்டுக் கோத்தேன், ஏணியாக இறங்கிய கண்ணியின் இடத்தையும் சேர்த்து ஒன்பது கண்ணி. மேலேயும் நல்ல வரிசை பார்த்து இன்னொரு ஊசி. இரண்டு ஊசியும் காவலுக்கு நின்ற பிறகுதான் நடுவிலிருந்த நைந்த நூலை வெட்டி ஒவ்வொன்றாக உருவினேன். ஒன்பது கண்ணி அகலம், ஏழு வரிசை உயரம், அதாவது நாலரை சென்டிமீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் ஜன்னல். அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான், அவன் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு விஷயம். மேல் ஊசியில் எண்ணினால் ஒன்பது வராது. தலைகீழாகப் பிடிக்கிறோம் அல்லவா, இரண்டு கண்ணிக்கு நடுவில் இருக்கும் வளையம்தான் கையில் வரும், ஆக எட்டு முழுசு, இரண்டு ஓரத்திலும் அரை அரை. இது தெரியாமல் எங்கோ ஒரு கண்ணி தொலைந்துவிட்டது என்று தேடுகிறவர்கள் உண்டு. தொலையவில்லை, அந்த அரைகளையும் சேர்த்துப் பிடித்தால் கணக்கு சரியாகும்.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். அதே கருநீலம் கடையில் இருந்தது, ஆனால் இரண்டு வருஷ வெயிலில் குல்லா வெளுத்துவிட்டதால் புது நூலை வைத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், பொருந்தின மாதிரியும் இருக்காது பொருந்தாத மாதிரியும் இருக்காது. சித்தப்பாவின் பச்சை வலையில் நீலம், வெள்ளை, ஆரஞ்சு என்று ஒவ்வொரு வருஷத்து ஒட்டும் தனித்தனியாகத் தெரிகிறது, அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. நானும் ஆரஞ்சு எடுத்தேன்.

சித்தப்பா அதை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார், பட்டென்று அறுந்தது. "இது எதுக்கு ஆகும்? இந்தா, நைலான் இழை தாரேன், அறுந்தே போகாது" என்று தன் ஊசியிலிருந்து ஒரு பாகம் உருவிக் கொடுத்தார். நல்ல நூல்தான், மெல்லிசாகவும் இருந்தது, நானும் கையில் வாங்கிவிட்டேன். சும்மா பேச்சுக்குத் தம்பியிடம், எதில் மாட்டிக் கிழிந்தது என்று கேட்டேன்.

"வலை ஏத்துறப்ப, வின்ச் கம்பி வடத்துல ஒரு பிசிறு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. குனிஞ்சேன், மாட்டிருச்சு. காதுவரைக்கும் இறுக்கமா இருந்துச்சா, கழண்டு வரலை. தலையை லேசா இழுத்துச்சு, அப்புறம் விட்டுருச்சு."

விட்டுவிடவில்லை. நூல் அறுந்தது, அதனால் தலை வெளியே வந்தது. வின்ச் என்பது வலையின் கம்பி வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் இயந்திரம். அது சுற்றிக்கொண்டிருக்கும்போது கம்பி உருளையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், யாராவது நிறுத்தும்வரை நிற்காது. அந்த இடத்தில் அறுந்துபோகாத நூல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, நைலானைச் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் நைலானை வலை ஊசியில் சுற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வடத்தை மாத்தச் சொல்லுடா" என்று மட்டும் சொன்னார்.

பழைய நூல் எந்த வகையோ அதே கம்பளிக் கலவை, அதே நாலு புரி, அதைவிட ஒரு இழைகூடப் பலமில்லாதது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குல்லாவை அடுத்த வருஷமும் பின்னிக்கொள்ளலாம்.

முதலில் ரிப்புக்குள் இறங்கிய ஏணி. இதற்கு 2.5 குரோஷா ஊசி வேண்டும். கடையில் இருந்ததை எடுத்தால் நுனியில் துரு. உப்புக் காற்றில் இரும்பு ஊசிகள் படும் பாடு கொஞ்சமில்லை, தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டுத் துடைத்து, மறுபடி காய்ந்த துணியால் எண்ணெய் போகும்வரை துடைத்து, செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு தகர டப்பாவில் போட்டு வைக்கிறேன், அப்படியும் ஒன்றிரண்டு போய்விடும். வெள்ளை நூலில் துரு பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் பெரும்பாலும் போகும். இந்த முறை அலுமினிய ஊசியை எடுத்துக்கொண்டேன்.

ஏணி ஏற்றுவது பார்க்கப் பயமாக இருக்கும், செய்ய எளிது. அவிழாமல் நிற்கும் கடைசிக் கண்ணிக்குள் முன்பக்கமிருந்து ஊசியை விட்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் முதல் படியைக் கொக்கியில் பிடித்துக் கண்ணிக்குள் இழுத்தால் அது புதுக் கண்ணி ஆகிவிடும். பிறகு அடுத்த படி. கீழிருந்து மேலே வரிசை தப்பாமல், நாலு படி. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் அந்தக் கண்ணித் தூண் பர்லாக இருந்தால் குல்லாவைத் திருப்பி உள்பக்கமிருந்து இதையே செய்ய வேண்டும். எனக்கு இரண்டாவது படி மிகக் குட்டையாக இருந்தது, பக்கத்துக் கண்ணிகள் அந்த நூலை இழுத்து விழுங்கியிருந்தன. வலிந்து இழுக்காமல் வலது பக்கம் நாலு கண்ணியை ஒவ்வொன்றாக ஊசி முனையால் நெம்பி நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தேன், பத்து நிமிஷம் ஆனது. ரிப்புக்கு மேலே மீதமிருந்த படிகளையும் கீழ் ஊசி நிற்கும் வரிசைவரை ஏற்றி, அந்தக் கண்ணியை அதன் இடத்தில் ஊசியில் சேர்த்துவிட்டேன்.

இனி ஜன்னல். கீழ் ஊசியின் ஒன்பது கண்ணியில் ஆரஞ்சு நூலைச் சேர்த்து, முதல் வரிசை நிட், திருப்பி இரண்டாவது வரிசை பர்ல், இப்படித் தட்டையாகப் பின்னிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஜன்னல் ஓரத்துத் தூணிலிருந்து ஒரு நூலைத் தூக்கி, கடைசிக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் பக்கம் தானாக ஒட்டிக்கொண்டே வரும், தனியாகத் தைக்க வேண்டாம். குல்லா வட்டமாகப் பின்னியது, அதன் ப்ளெய்ன் பகுதியில் பர்லே கிடையாது. என் கை பர்லுக்குத் தளர்வு, வரிசைக்கு வரிசை ஏற்ற இறக்கம் தெரியும், அதனால்தான் 4-க்குப் பதில் 3.5 ஊசி.

இங்கேதான் தப்பு விட்டேன். ஜன்னல் ஏழு வரிசை உயரம் என்று எண்ணி ஏழு வரிசை பின்னிவிட்டேன். முடித்துப் பார்த்தால் நூல் இடது பக்கத்தில் நிற்கிறது, மேல் ஊசியோடு இணைக்க வலது பக்கமிருந்து அல்லவா தொடங்க வேண்டும். அப்போதே யோசித்திருக்க வேண்டும். நூலை வெட்டி வலது பக்கம் புதுசாகச் சேர்த்து இணைத்தும்விட்டேன், குல்லாவைத் தலையணை உறையில் பஞ்சு திணித்து அதன்மேல் மாட்டிப் பார்த்தால் ஒட்டு உப்பிக்கொண்டு நிற்கிறது. இணைப்புத் தையலே ஒரு வரிசை. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, எட்டு வரிசை ஆகிவிட்டது. பிரித்தேன். ஆறு வரிசை பின்னினேன், ஆறாவது பர்ல் வரிசை முடியும்போது நூல் தானாகவே வலது ஓரத்தில் வந்து நின்றது.

இணைப்புக்கு அகலத்தைப் போல நாலு மடங்கு நூல் விட்டு வெட்டி, மழுங்கிய கம்பளி ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊசியையும் ஒன்றின்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, முன் ஊசியில் முதல் கண்ணியை நிட் மாதிரிக் குத்தி ஊசியிலிருந்து இறக்கு, அடுத்ததைப் பர்ல் மாதிரிக் குத்தி ஊசியிலேயே விடு. பின் ஊசியில் முதல் கண்ணியைப் பர்ல் மாதிரிக் குத்தி இறக்கு, அடுத்ததை நிட் மாதிரிக் குத்தி விடு. இது தெரிந்தவர்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வார்கள், நடுவில் யாராவது ஒயர் கட்டு என்ன விலை என்று கேட்டால் போச்சு. அன்று மதியம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுச் செய்தேன். இறுக்கி இழுக்காமல் தளரவிட்டே முடித்து, பிறகு வலமிருந்து இடமாகக் கண்ணி கண்ணியாக ஊசி முனையால் நூலைத் தள்ளி மற்ற வரிசைகளின் அளவுக்குக் கொண்டுவந்தேன். நூல் முனைகளை உள்பக்கம் ஆரஞ்சிலேயே நாலைந்து கண்ணி தூரம் குறுக்காக ஓட்டி வெட்டினேன், முடிச்சு போடவில்லை. காதுக்கு மேலே முடிச்சு உறுத்தும்.

மறுபடி நனைத்து, அதே தலையணைப் பஞ்சின்மேல் மாட்டிக் காயவைத்ததும் ஒட்டு தட்டையாகப் படிந்தது. இடது ஓரத்தில் மட்டும் இரண்டாவது வரிசையில் சின்னச் சந்து தெரிகிறது, அங்கே நான் தூக்கிய நூல் பக்கத்துத் தூணுடையது. உள்ளே விரல் வைத்து விரித்தால்தான் தெரியும், விட்டுவிட்டேன்.

ஜூன் 14-ஆம் தேதி ராத்திரி தம்பி ஐஸ் ஏற்றப் போகும் வழியில் கடைக்கு வந்தான். தெற்கே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, குல்லாவுக்கு இப்போது வேலை இல்லை, கார்த்திகைக்குத்தான். ஆனாலும் எடுத்துத் தலையில் மாட்டி, ஆரஞ்சு இடத்தைத் தடவிப் பார்த்தான். வடம் மாற்றியாயிற்றா என்று கேட்டேன். மாற்றியாயிற்று, பழையதைச் சித்தப்பா நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றான். அவன் படகில் இன்னும் நாலு பேருக்கு இதே மாதிரி வேண்டுமாம், தலை அளவை ஒரு பீடிக் கட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். 54, 57, 57, 60. அறுபதுக்கு மட்டும் 104 கண்ணி ஏற்ற வேண்டும், எட்டுப் பாகத்துக்குப் பதின்மூன்று வரும். மற்ற மூன்றும் 96.